மாப்பிள்ளைக்கு மட்டும் பந்தல்

“நாய்க்குப் பந்தல், மனுஷனுக்கு வெயிலா? நல்லா இருக்கும்மா உங்க நியாயம்!”

எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் லாரி டிரைவர் சொன்னான்.

நாய் பழக்க வந்தவள் காதில் வாங்கவில்லை. குடோன் வாசலில் குனிந்து, சிமெண்டுத் தரையில் புறங்கையை வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் கையை உதறினாள்.

“ஏழு எண்ணுற வரைக்கும் கை தாங்கணும் சார். தாங்கலைன்னா நாய் பாதம் வெந்துடும். பந்தல் போட்டே ஆகணும். தகரம் வேண்டாம், அனல் இறங்கும். பச்சை வலை, ரெண்டு மடிப்பா.”

“இன்னைக்கே போட்டுடலாம்” என்றார் மேனேஜர். “என்ன விலை குடுத்து வாங்கின நாய்!”

“தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும். பயிற்சி விடியக்காலையில மட்டும், அதுவும் பத்துப் பத்து நிமிஷமா. வெயில் ஏறிட்டா நாய் நிழலை விட்டு நகரக் கூடாது.”

“செஞ்சிடலாம், செஞ்சிடலாம்.”

பந்தல்காரனுக்குப் போன் போட மேனேஜர் உள்ளே ஓடினார். கேட் கம்பியைப் பிடித்தபடி வாட்ச்மேன் அவர் போவதையே பார்த்தார். மூன்று கோடையாக அவர் கேட்டது ஒரே ஒரு குடை.

“போன வாரம் இந்த அண்ணன் இதே இடத்துல சுருண்டு விழுந்தாரு” என்றான் டிரைவர். “மூஞ்சில தண்ணி தெளிச்சது நான். மேனேஜர் சொன்னாரு, ‘இன்னொரு தடவை விழுந்தா வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்’னு. இதையும் உங்க நோட்டுல எழுதிக்கோங்கம்மா.”

அவள் எழுதவில்லை. வாட்ச்மேனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஐயா, உங்க பழைய தொப்பி ஒண்ணு கிடைக்குமா?”

“எதுக்கும்மா?”

“நாய்க்கு.”

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான். “தொப்பியும் நாய்க்கா! போச்சுடா!”

சாயங்காலத்துக்குள் பந்தல் எழும்பிவிட்டது. மறுநாள் மதியம் வாட்ச்மேன் அதற்குள் ஒரு காலைத்தான் வைத்தார். மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

“யோவ்! அது நாய்க்கு. உன் டியூட்டி கேட்டுல. போய் நில்லு!”

மூட்டை தூக்குகிறவர்கள் அன்றைக்கே நாய்க்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

தினமும் எட்டு மணிக்கு வாட்ச்மேன் வரும்போது பயிற்சி முடிகிற நேரமாக இருக்கும். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. சொல்லிக்கொடுத்ததைச் செய்தால் ஒரு பிஸ்கட், செய்யாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் அவள் வித்தை. ஆனால் அவருடைய பழைய தொப்பியை அவளே தலையில் மாட்டிக்கொண்டு, கேட்டுக்கும் பந்தலுக்குமாக நடந்துகொண்டிருப்பாள்.

“அண்ணே, இந்தம்மா நாயைப் பழக்குறாங்களா, இல்ல உங்க வேலைக்குப் பழகுறாங்களா?” என்று டிரைவர் சிரித்தான்.

வாட்ச்மேனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோராம் நாள். நாயை ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்து வாங்க வந்திருந்தாள். உச்சி வெயில்.

“லொள்! லொள்! லொள்!”

மாப்பிள்ளை நிறுத்தவே இல்லை. போனும் கையுமாக மேனேஜர் இறங்கி வந்தார்.

“என்ன கருமம் இது? ஒரு வார்த்தை பேச முடியல!”

நாயைத் தட்டிக்கொடுக்க வாட்ச்மேன் பந்தலுக்குள் போனார். சட்டென்று அமைதி. கேட்டுக்குத் திரும்பினார். லொள்! உள்ளே வந்தார். அமைதி. வெளியே போனார். லொள்! லொள்!

“இது என்னம்மா புதுசா?”

“சில நாய் அப்படித்தான் சார். ஒரு ஆள் மேல ஒட்டுதல் வந்துட்டா விடாது. இந்த வெயில்ல கத்திக்கிட்டே இருந்தா மூச்சு வாங்கும், நாக்குத் தள்ளிடும். அப்புறம் நான் பொறுப்பில்ல.”

“ஐயய்யோ! இதுக்கு என்ன வழி?”

“அவரைப் பந்தல்ல உட்கார வைக்கணும். நின்னா, கிளம்பப் போறாருன்னு நினைச்சுக்கும்.”

“கேட்டை யார் திறப்பா?”

“கயிறு கட்டிட்டா உட்கார்ந்த இடத்துலேருந்தே இழுக்கலாம்.”

“கயிறு நான் தரேன்!” டிரைவர் லாரிக்கு ஓடினான்.

மேனேஜர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். “யோவ்! நாற்காலியைக் கொண்டாந்து இங்க போடு. வெயில் தாழற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, சொல்லிட்டேன்! நாய்க்கு ஏதாவது ஆச்சு, உன்னைச் சும்மா விட மாட்டேன்.”

அவர் மாடி ஏறிப் போனார்.

வாட்ச்மேன் உட்கார்ந்தார். முதுகு சாய்ந்ததும் அவரை அறியாமலே ஒரு பெருமூச்சு வந்தது. நாய் அவர் செருப்பின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு படுத்தது. தூக்குச்சட்டியைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். மூன்று கோடைக்குப் பிறகு, உட்கார்ந்து குடித்த தண்ணீர்.

கயிற்றைக் கட்டி முடித்த டிரைவர் கை தட்டித் தூசியை உதறினான்.

“பார்த்தீங்களாம்மா? உங்களுக்கு வராத இரக்கம் அந்த வாயில்லாத ஜீவனுக்கு வந்திருக்கு!”

“ஆமாங்க” என்றாள் அவள். பழைய தொப்பியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.

வழியனுப்புகிற மரியாதைக்கு, மேனேஜர் சொன்னதை மறந்து வாட்ச்மேன் எழுந்தார். ஒரு கால் வெயிலில் பட்டது.

“லொள்!”

அவர் அவசரமாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாடி ஜன்னல் மூடியிருக்கிறதா என்று அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நாயின் வாயில் வைத்தாள்.

“மறக்கல பாரு. கெட்டிக்காரன் மாப்பிள்ளை!”