பன்னிரண்டாம் நம்பர் பூட்ஸ்

"கையை எடும்மா. நான்தான் முதல்ல பார்த்தேன்."

"பார்த்தது நீங்களா இருக்கலாம், ரெய்னோ. எடுத்தது நான்."

பூட்ஸ் பெட்டியின் ஒரு முனை ரெய்னோவின் பிடியில். மறுமுனை ஆர்லிஸின் பிடியில். உள்ளே தடித்த கம்பளி உறை வைத்த பன்னிரண்டாம் நம்பர் பூட்ஸ். வெர்னின் கடையில் அந்த ரகத்தில் அதுதான் கடைசி ஜோடி.

விடிந்தால் அமெரிக்காவின் மினசோட்டாவில் மான் வேட்டை சீசன் ஆரம்பம். கடை மூட இன்னும் கால் மணி நேரம். அடுத்த கடைக்குப் போக அறுபது மைல், அதுவும் கொட்டுகிற பனியில்.

ரெய்னோ சும்மா அடம் பிடிக்கவில்லை. போன வருடம் இறுக்கமான பூட்ஸுக்குள் மூன்று ஜோடி சாக்ஸைத் திணித்துக்கொண்டு மரத்தின் மேல் பரணில் போய் உட்கார்ந்தான். நடக்கிறவனுக்கு எதைப் போட்டாலும் கால் சூடாகிவிடும். மணிக்கணக்கில் அசையாமல் உட்காருகிறவனுக்கு பூட்ஸுக்குள் விரல் ஆட இடம் வேண்டும். இது தெரிந்தும் செய்தான். குளிரில் உறைந்து இடது காலில் இரண்டு விரல் போயிற்று.

இன்னொரு தடவை உறைந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேட்டையை விடு என்று அவர் சொன்னது மட்டும் ரெய்னோவின் காதில் விழவில்லை.

"வெர்ன், நீயே சொல்லுப்பா. என் கால் பத்து. உட்கார்றவன் ரெண்டு நம்பர் பெருசா வாங்கணும்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்ற?"

"ஆமா, சொல்றேன்," என்றார் கடைக்காரர், மாட்டிக்கொண்ட முகத்தோடு.

"இந்தம்மா கால் ஏழு நம்பரைத் தாண்டாது. இதுக்குள்ள என்ன, குடித்தனமா பண்ணப் போறாங்க?"

வேட்டைக்கான ஆரஞ்சு கோட்டோடு வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆர்லிஸின் முகம் சிவந்தது. பிடி தளரவில்லை.

"எனக்கு இல்ல. டுவெயினுக்கு. நாளைக்கு அவரும் வர்றாரு."

சிரிப்பு சட்டென்று நின்றது.

ஆர்லிஸின் கணவன் டுவெயின் மூன்று வருடம் முன்பு பரணிலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே கிடையாது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான்.

"அவர் தம்பிங்க காட்டுல கூடாரம் போட்டு, நாற்காலி போறதுக்குப் பலகை அடிச்சு வச்சிருக்காங்க," என்றாள். "ஒரு வாரமா அவருக்குத் தூக்கமே இல்ல, அவ்வளவு சந்தோஷம்."

ரெய்னோ அதோடு விட்டிருக்கலாம். விட்டிருக்கவும் வேண்டும். ஆனால் அவனுக்குத் தன் கால்தான் கண்ணில் நின்றது.

"வரட்டும்மா, நல்லா வரட்டும்! ஆனா அவன் காலுக்குக் குளிர் தெரியப் போகுதா? எதுவுமே தெரியாத காலுக்கு எதுக்கு கடையிலேயே ஒசத்தியான பூட்ஸ்? எனக்குத் தெரியுது. உயிர் போற மாதிரி வலிக்குது."

கேட்கவே கூசுகிற பேச்சுதான். ஆனாலும் வரிசையில் ஒன்றிரண்டு தலைகள் மெல்ல ஆடின. சொன்ன விதம்தான் தப்பு, சொன்னது நியாயம் என்று அவர்களுக்கும் பட்டிருக்க வேண்டும்.

வெர்ன் தயங்கித் தயங்கி வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார்.

"ஆர்லிஸ், இதுவும் பன்னிரண்டுதான். கொஞ்சம் மெல்லிசு, அவ்வளவுதான். டுவெயினுக்கு இது போதுமேம்மா. ரெய்னோ பாவம், விரல் போன கால்."

"கேட்டுக்கிட்டியா?" ரெய்னோ பெட்டியை வெடுக்கென்று இழுத்தான். அவளும் கூடவே ஓரடி வந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ரெய்னோ, போன வருஷம் பரணை விட்டு எப்போ இறங்கினீங்க?"

"காலையில ஒம்போது மணிக்கு. கண்ணெதிர மான் நிக்குது, சுடக்கூட இல்ல. வலி தாங்காம இறங்கி ஓடி வந்தேன். அதனாலதான் கேக்கறேன், விடு!"

"வலிச்சுது, ஓடி வந்தீங்க. ரெண்டு விரலோட போச்சு." அவள் குரல் உடைந்தது. "டுவெயின் இருட்டுற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பாரு. ரெண்டு காலும் கட்டையா உறைஞ்சாலும் அவருக்குத்தான் வலிக்காதே!"