இருக்கேன்டா

ஒரு கம்பெனியில் இரண்டு மெயில் சர்வர்கள் இருந்தன. மூத்தது படுத்துவிட்டால் இளையது வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் இளையது நிமிடத்துக்கு ஒருமுறை, "அண்ணே, இருக்கீங்களா?" என்று கேட்கும்.

"இருக்கேன்டா" என்று பதில் வரும்.

அன்று காலை மூத்ததன் டிஸ்க் நிரம்பி, ஒரு மெயிலும் வெளியே போகவில்லை. தம்பியிடம் வேலையைக் கொடுக்க அதற்கு மனம் வரவில்லை. கேட்டபோதெல்லாம் "இருக்கேன்டா" என்றது.

மாலை ஐந்து மணிக்கு டிஸ்க்கைச் சுத்தம் செய்ததும் தேங்கிய மெயில்கள் கிளம்பின. அதில் ஒன்று மகிழ்நிலா என்ற பெண்ணுக்கு: "இன்று மதியம் இரண்டு மணிக்குள் சம்மதம் சொன்னால் வேலை உங்களுக்கு."

"முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே?"

"இருக்கீங்களான்னுதானேடா கேட்ட?"



"ஆமாண்ணே. அந்தப் பதிலைக் கேட்டுட்டு நானும் நிம்மதியாத் தூங்கிட்டேன்."