வீணானவற்றின் பட்டியல்

கண்காட்சிக்கென்றே துவைத்து வைத்திருந்த நல்ல உடையில், பள்ளிச் சமையல்காரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தது நன்னெறி டீச்சர். நீங்கள் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று வேறு சொன்னார்.

பொய்யில்லை. மூன்று மாதமாகப் பிள்ளைகள் சாப்பாட்டு மிச்சத்தைத் தராசில் நிறுத்துக் குறித்தார்கள். குறைப்பதற்கு வழி சொன்னது இவள்தான். முதலில் அரைக் கரண்டி, கேட்டால் மறுபடியும் அரைக் கரண்டி. தினம் குப்பைக்குப் போன நாலு வாளி, அரை வாளியாகச் சுருங்கிவிட்டது. இவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மேடையில் ஒரு சிறுமி பட்டியலை வாசித்தாள். காய்கறி இவ்வளவு வீண். தண்ணீர் இவ்வளவு வீண். எரிவாயு இவ்வளவு வீண். ஒவ்வொன்றுக்கும் இவள்தான் முதலில் கைதட்டினாள்.

"சமையலுக்கு ரெண்டு பேர். இப்ப சமைக்கிற அளவுக்கு ஒருத்தர் வீண். வயசுல சின்னவங்க மட்டும் போதும்."

பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு தட்டு தட்டிவிட்டாள்.

தலைமையாசிரியர் எழுந்து, அருமையான யோசனை, அடுத்த மாதமே செய்துவிடலாம் என்றார்.

பன்னிரண்டு வருட வேலை. டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பாவி, பக்கத்தில் உட்கார வைத்தே கழுத்தை அறுத்துவிட்டாளே என்று மனம் கொதித்தது.

இறங்கி வந்த சிறுமியை நிறுத்தி, இதை யார் எழுதச் சொன்னது என்று கேட்டாள்.

"சமையல்கட்டுலயே கேட்டு எழுதினோம் பெரியக்கா," என்றாள் சிறுமி, பாராட்டை எதிர்பார்த்து.

சமையல்கட்டில் இருப்பதே இரண்டு பேர். இவளை யாரும் கேட்கவில்லை.

உள்ளே தங்கை அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் கைவிட்டு நடுத்தெருவில் நின்றவள். யார் யார் காலிலோ விழுந்து, இவள்தான் அவளை இங்கே சேர்த்துவிட்டிருந்தாள்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டும் தங்கை திரும்பவில்லை.

"முட்டி வலிக்குது, முட்டி வலிக்குதுன்னு நீதானேக்கா தினமும் சொல்லிட்டிருந்தே."

இவள் இன்னும் வாயே திறக்கவில்லை.