அறுபதாவது ஓட்டு

குழாய் சரிசெய்பவரின் நீலச் சட்டையோடு வந்தவர் சமையலறை மேசை முன் உட்கார்ந்தார். கருவிப் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்து தடித்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் வேற யாரோடயாவது தொடர்பு இருந்ததா, செனட்டர்?"

"இல்லை" என்றார் மார்கிட் ஹெல்லண்ட்.

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"என்னைப் பாத்தா அவ்வளவு தெம்பு இருக்கிறவன் மாதிரியா இருக்கு?" அடுப்பருகே நின்ற வெர்ன் கேட்டார். "அதான் சட்டை போட்டுட்டு வந்திருக்கீங்களே, அப்படியே இந்தக் குழாயையும் பாத்துடுங்க. ரெண்டு வருஷமா ஒழுகுது."

வந்தவர் சிரிக்கவில்லை. அவர் கார்பெட், அதிபர் வேட்பாளர் ராஸ்கோ பிரைனின் வக்கீல். வாசலில் ஐந்து டிவி வண்டிகள் நின்றதால் இந்த வேஷம்.

துணை அதிபராக நிற்க யாரையும் நேரடியாகக் கேட்டுவிடுவதில்லை. முதலில் வக்கீல் வந்து வாழ்க்கையை அலசுவார். பதில் 'சரி'தான் என்று உறுதியான பிறகே வேட்பாளர் போனை எடுப்பார். அவர் கேட்டு ஒருவர் மறுத்தார் என்ற பேச்சே வரக் கூடாது.

மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வருமான வரி, கல்லூரியில் புகைத்தது, தங்கையின் இரண்டாவது விவாகரத்து என்று எல்லாவற்றுக்கும் மார்கிட் ஒரே குரலில் பதில் சொன்னார். மரத்துப்போன காலை யாரோ கிள்ளுவது போலிருந்தது. கிள்ளுவது தெரிந்தது, வலிக்கவில்லை.

"தூக்கத்துல எழுப்பினா உடனே தெளிவா முடிவெடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

"வெளிநாட்டுத் தலைவர்கள்ல எத்தனை பேரோட நேர்ல பழக்கம்?"

"ஒன்பது பேர்."

"போர்னு வந்தா முதல்ல யாரைக் கூப்பிட்டுப் பேசுவீங்க?"

மார்கிட் நிமிர்ந்து பார்த்தார். "நான் எந்த மாநிலத்துல ஓட்டு வாங்கித் தருவேன்னு ஒரு கேள்விகூடக் காணோமே?"

"எல்லாருக்கும் இதே காகிதம்தான்" என்று கார்பெட் பக்கத்தைத் திருப்பினார்.

வெளியே இளைஞர்கள் மார்கிட்டின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக ஏழைகளுக்கும் தொழிலாளிகளுக்கும் குரல் கொடுக்கும் செனட்டர். அவர் பெயருக்கு மட்டும் மினசோட்டாவில் இப்படிக் கூட்டம் சேரும்.

"டிவியில எட்டு பேர் உன்னை வெச்சுக் கத்திட்டிருக்காங்க" என்றார் வெர்ன். "நாலு பேர் போகச் சொல்றாங்க, நாலு பேர் போகாதேங்கிறாங்க. உன் புருஷனை ஒருத்தனும் கேக்கல."

"சரி, நீ சொல்லு."

"எனக்கு வாஷிங்டன்ல மீன் பிடிக்க ஏரி இல்லை. அவ்வளவுதான் என் கொள்கை."

ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.

"கார்பெட், ஜெயிச்சு ஜனவரியில நான் போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் மார்கிட் கடைசியில். "காலியாகிற என் இடத்துக்கு எங்க கவர்னர் ஆள் போடுவார். அவர் எதிர்க்கட்சி. தன் ஆளைத்தான் போடுவார்."

"தெரியும்."

"அடுத்த மாசமே, பிப்ரவரியில, இன்சுலின் விலை மசோதா ஓட்டுக்கு வருது. நூறுல அறுபது ஓட்டு இருந்தாத்தான் அது நகரும். அறுபது பேரைச் சேர்க்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. அறுபதாவது ஓட்டு என்னோடது."

"ஒரு வருஷம் கழிச்சு வேற மசோதா கொண்டுவரலாமே?"

"இங்க காபி கடையில டார்லீன்னு ஒருத்தி. அவ அப்பா காசில்லாம மருந்தைப் பாதி பாதியா போட்டுக்கிட்டு மார்ச்ல செத்துப்போனார். அவளுக்கும் அதே வியாதி. இப்ப அவளும் பாதிதான் போட்டுக்கிறா. அவகிட்ட போய் 'இன்னும் ஒரு வருஷம் பொறு'ன்னு நீங்க சொல்றீங்களா?"

கார்பெட் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் அங்க வந்து என்ன பண்ணப்போறேன்? யாராவது மன்னர் செத்தா துக்கத்துக்குப் போவேன். சபையில சரிபாதியா பிரிஞ்சா ஒரு ஓட்டுப் போடுவேன். மத்த நேரமெல்லாம் அதிபர் நல்லா இருக்காரான்னு விசாரிச்சுட்டு உக்காந்திருக்கணும். அவருக்கு ஏதாவது ஆனாத்தான் அந்த நாற்காலி எனக்கு. அதுக்கு என் பேரும் சிரிப்பும் போதும், நான் வேண்டாம்."

"இதுதான் முடிவா?"

"ஆமா. மாட்டேன்னு சொல்லிடுங்க."

சொன்னதும் அழுகை வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. வெர்ன் அருகே வந்து அவர் தோளில் கை வைத்தார். அது யாருடைய தோளோ போலிருந்தது.

கார்பெட் காகிதங்களை அடுக்கிப் பெட்டியில் வைத்தார். எழுந்தவர் வாசலுக்குப் போகவில்லை. திறந்திருந்த ஜன்னலைப் போய் மூடினார். கோஷம் அடங்கியது.

"இதைச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது" என்றார். அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. "பிரைனோட சம்சாரத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"என்ன?"

"பிரைனோட டாக்டருங்க கணக்குப்படி, நீங்க துணை அதிபரா இருக்கப்போறது மூணே மாசம்தான், செனட்டர்."