தண்ணி டிரம்முக்கு மேல ஒரு படம்

"நம்பாட்டாப் போங்க டாக்டரம்மா! மெஷின்ல பாத்தாத்தான் நம்புவியளா? எம் புள்ளைக்கு இந்தச் சீக்கு அவன் அப்பன் வம்சத்துலேருந்துதான் வந்துருக்கு. கண்ணால பாத்தவ சொல்லுதேன்!"

ஏஞ்சலம்மாள் போட்ட சத்தத்துல, தாராவி சந்துல குழாயடியில நின்னவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

எதிர்ல ஸ்டூல்ல விஜயராணி. செம்பூர்க்காரி. மூளை வியாதி ஆராய்ச்சி பண்றவ, ஊசி போடுற டாக்டர் இல்ல. சொன்னா யாரு கேக்கா? சந்துக்குள்ள நுழைஞ்சாலே ஒருத்தி முட்டியக் காட்டுவா, ஒருத்தி பேரனோட சளியச் சொல்லுவா. பலசரக்குக் கடை கனகவள்ளி ஒருநாள் மருமகளையே இழுத்துட்டு வந்து, "இவ வாய்க்கு ஏதாச்சும் மருந்து இருக்கா?"ன்னு கேட்டா. அது கிடக்கட்டும்.

கட்டில்ல மகன் ஸ்டெர்லின். இருபத்திரெண்டு வயசு, ஐடிஐ முடிச்சவன். வலிப்பு வந்து வந்து, இப்பக் கண்ணும் மங்கி நடையும் போயிருச்சு. அம்மா ஊட்டினாத்தான் கஞ்சி.

"ஆன்ட்டி, நான் சொல்றதக் கொஞ்சம்…"

"நீங்க கேளுங்க! எங்க வீட்டுக்காரவியளுக்கு ஒரு தாய்மாமன். எங்க கல்யாணப் பந்தியில ரசத்துக்குக் கைய நீட்டுனவரு அப்படியே சரிஞ்சு வெட்டி வெட்டி இழுத்தாரு. ரசமும் அப்படியொண்ணும் நல்லால்ல, ஒரே புளி. அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கணும். எல்லாத்தையும் மூடி மறைச்சு என் தலையில கட்டிட்டா அந்தக் கிழவி!"

கிழவின்னா மாமியார். போய்ச் சேந்து ரொம்ப வருசமாச்சு. இயேசு படத்துக்குப் பக்கத்துல இருந்த மாமியார் படத்த, போன ஈஸ்டர் அன்னைக்கு ஏஞ்சலம்மாள் கழட்டி, வாசல்ல தண்ணி டிரம்முக்கு மேல மாட்டிட்டா. "எம் புள்ளையக் கெடுத்தவளுக்கு மெழுகுவத்தி ஒரு கேடா?"

புருசன் சிங்கராயர் எதுத்து ஒரு வார்த்தை பேசல. "ஆமா, எங்க அம்ம வழிதான்"னு ஒத்துக்கிட்டார். தோல் பை தைக்கிற வேலைக்குக் கிளம்பும்போது தினமும் துண்டால படத்தத் துடைப்பார். அதுக்கும் ஏச்சு வாங்குவார்.

இப்பவும் அவ வாய்க்குப் பயந்து வாசல்லதான் நின்னார். மழை வேற பிடிச்சுக்கிச்சு.

"உங்க ரத்தம் கொஞ்சம் வேணும் ஆன்ட்டி."

"என் ரத்தம் எதுக்கு? அவியகிட்ட எடுங்க! அங்கனதான் கோளாறு!"

"அவர் ரத்தம் தேவையில்ல. செல்லுக்குள்ள கரன்ட் தயாரிக்கிற மெஷின் மாதிரி மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னேன்ல? மூளைக்கு அந்தக் கரன்ட் ஜாஸ்தி வேணும். ஸ்டெர்லினுக்கு அதுலதான் கோளாறு."

"அதான் ஆயிரம் வாட்டி சொல்லியாச்சே!"

"இத இன்னும் சொல்லல. அந்த மைட்டோகாண்ட்ரியா அப்பாகிட்டேருந்து பிள்ளைக்கு வராது. பெத்த அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும்."

மகனுக்குக் கஞ்சி ஊட்டிட்டிருந்த ஸ்பூன ஏஞ்சலம்மாள் கிண்ணத்துல வச்சா.

"அப்ப அந்த மாமன்?"

"அது வேற ஏதோ வலிப்பு."

"பொய்! அவியளே ஒத்துக்கிட்டாவளே!"

"அவர் சொன்னதுதான் பொய் ஆன்ட்டி. ஸ்டெர்லின் ரிசல்ட் வந்தப்பவே இத அவர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க ஸ்டெர்லினக் கூட்டிட்டு ஸ்கேனுக்குப் போயிருந்தீங்க. 'இவகிட்ட சொல்லிராதிய'ன்னு கையெடுத்துக் கும்பிட்டார். நானும் வாய மூடிட்டேன், தப்புதான். ஆனா அம்பர்நாத்ல உங்க தங்கச்சி மக ரெபேக்கா மாசமா இருக்காங்கன்னு நேத்துதான் தெரிஞ்சுது. உங்க அம்மா வழியா அது அவங்களுக்கும் வந்திருக்கலாம், அவங்க ரத்தத்தையும் பாக்கணும். இனிமே மறைக்க முடியாது."

ஏஞ்சலம்மாளுக்குக் கோவம் இறங்கல. இன்னும் ஏறிச்சு.

"யாரக் கேட்டு மறைச்சாவ? நான் ஏசுன ஏச்செல்லாம் காதுல விழலையா? செத்தவளத் தூக்கி வாசல்ல மாட்டுனேனே, அப்பக்கூடவா வாயத் தொறக்க முடியல அந்த மனுசனுக்கு?"

"அன்னைக்கே கேட்டேன் ஆன்ட்டி, பெத்த அம்மா மேலயா பழியப் போடுவீங்கன்னு."

"அதுக்கு?"

"'எங்க அம்ம செத்துட்டா டாக்டரம்மா. எவ்வளவு ஏசுனாலும் தாங்கிக்கிடுவா. இவ தாங்க மாட்டா'ன்னார்."

ஏஞ்சலம்மாள் வாசலப் பாத்தா. சிங்கராயர் படத்துக்குக் குடையப் பிடிச்சுக்கிட்டு, தான் தொப்பலா நனைஞ்சு நின்னார்.

அவ நைட்டிக் கைய மேல ஏத்திவிட்டு, விஜயராணிகிட்ட நீட்டினா. நீட்டினபடியே வாசலப் பாத்து ஒரு சத்தம் போட்டா:

"இஞ்சேருங்க! மழையில என்ன வேடிக்கை? அத்தைய உள்ள கொண்டாங்க!"