பால் வாடை

கணவனின் பனியனை முகர்ந்து பார்த்த பூங்கோதை மறுபடியும் ஒருமுறை முகர்ந்தாள். சந்தேகமே இல்லை, பால் வாடை. மார்புப் பக்கம் காய்ந்து விறைத்த கறை வேறு. கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவன் துணியில்தான் இப்படிக் கறை படும்.

ஆனால் இந்த வீட்டில் குழந்தை ஏது? கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமியாரின் ஜாடைப் பேச்சை வாங்கிக்கொண்டு டில்லிக்குத் திரும்புவதுதான் மிச்சம்.

மாணிக்கவாசகம் கொஞ்ச நாளாகவே சரியில்லை. பனியனைத் தானே துவைத்தான். அவள் கை பட்டால் விலகினான், கேட்டால் தலைவலி என்றான். நேற்று வாசலில் பக்கவாட்டில் நின்ற ஸ்கூட்டரைக்கூடக் கவனிக்காமல் இடித்துக்கொண்டான். அப்படி எவள் நினைப்போ!

சனிக்கிழமை, "ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று கிளம்பினான். லோதி ரோட்டில் அவன் பஸ் ஏறியதும் இவள் ஆட்டோவைக் கை காட்டினாள். "பாய் சாப், அந்த பஸ் பின்னாடியே... ஜல்தி, சீக்கிரம்!"

அவன் இறங்கியது ஒரு ஆஸ்பத்திரி வாசலில். உள்ளே எங்கோ பச்சைக் குழந்தை வீறிட்டது. பூங்கோதையும் அவன் பின்னாலேயே உள்ளே போனாள்.

அவன் நுழைந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் குரல், அதுவும் தமிழில். "எத்தனை நாள் மறைப்பீங்க? வீட்ல சொல்லித்தானே ஆகணும்?"

"அவ தாங்க மாட்டா."

கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். வெள்ளைக் கோட்டுப் பெண் டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். மாணிக்கவாசகம் அவசரமாகச் சட்டையை இழுத்து மார்பை மூடினான்.

"எங்க அந்தக் குழந்தை? பெத்தவ எங்க?"

"குழந்தையெல்லாம் இல்லம்மா, உட்காருங்க" என்றார் டாக்டர். "இவருக்கு மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பியில சின்னதா ஒரு கட்டி. தலைவலி, ஓரப்பார்வை மங்குறது எல்லாம் அதனாலதான். புத்துநோய் இல்ல, மாத்திரையிலயே சுருங்கிடும். உங்களுக்குக் குழந்தை இல்லாததுக்கும் அதுவே காரணமா இருக்கலாம்."

கட்டி என்றதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் நெஞ்சில் தைத்த முள் போகவில்லை. அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உங்க பனியன்ல இருந்த பால்? அது யாரோட பாலுங்க?"

மாணிக்கவாசகம் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தக் கட்டியால சுரக்குது... என்னோடதுதான், கோதை."