பரிசுத்தமான தளம்

மறையூரிலிருந்து எஸ்டேட் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், ஹெப்சிபாவின் வேலையில்தான் குறை கண்டார்கள்.

“நாள் முழுக்க இன்டர்நெட்டே கதின்னு கிடக்குற பிள்ளை எங்களுக்குச் சரிப்பட்டு வராது மதினி,” என்றாள் மாப்பிள்ளையின் தாய் கிரேஸ். “எங்க ஜெபசிங் ஃபேஸ்புக் பக்கமே போக மாட்டான். விசுவாசிகளுக்குன்னே ‘ஒலிவமலை’ன்னு ஒரு தளம் இருக்கு. அதுலதான் இருப்பான். மருந்துக்குக்கூட அசிங்கம் கிடையாது.”

தேயிலைக் கொழுந்து பறித்துப் படிக்கவைத்த அம்மா பதறினாள். “வேலைய விட்டுருவா மதினி. ஏட்டி, சொல்லேன்.”

ஹெப்சிபா மாப்பிள்ளையைப் பார்த்தாள். “அதுல என்ன பேருல இருக்கீங்க?”

அவன் வாய் திறப்பதற்குள் தாயே பெருமையாகச் சொன்னாள். “‘கர்த்தரின் கேடயம்’. தினமும் வசனம் போடுவான். பாவம், கொஞ்ச நாளா என்னமோ திறக்க மாட்டேங்குதாம்.”

“திறக்காது அத்தை. நான்தான் முடக்குனேன்.”

“நீயா?”

“என் வேலையே அதுதான். ஒலிவமலையில யாராவது அசிங்கமா எதையாவது போட்டாலோ, அனுப்புனதா புகார் வந்தாலோ, அழிக்கணும். நாங்க நாலு பேரு உக்காந்து அழிக்கிறதாலதான் உங்க கண்ணுக்குத் தெரியல.”

“வசனம் போட்டதுக்கா முடக்குன?”

“வசனம் ஊருக்குப் போட்டது. பாட்டுக்குழுப் பிள்ளைகளுக்குத் தனியா என்ன அனுப்புனாருன்னு அவரையே கேளுங்க.”

ஜெபசிங் எழுந்து போய்ச் செருப்பை மாட்டினான். கிரேஸும் பின்னால் போனாள்.

அம்மா, மாப்பிள்ளைக்கு ஆற்றிவைத்த டீயை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

“குடிச்சிட்டுப் போய் வேலையப் பாரு.”